எந்தக் கையை ஊன்றினாள்?

ஆறு மாத வயிற்றோடு ஊரப்பாக்கத்தில் எட்டு மணி ட்ரெயினைப் பிடிக்க வேண்டிய அவசரத்திலும், ஷீலா காலண்டர் தாளைக் கிழித்தாள். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கும் கணவனுக்கு எழுதினாள்.

"பிரிட்டோ, மீன் குழம்பு அடுப்பு மேல இருக்கு. சுட வெச்சுக்கோ. சாயந்திரம் பம்மல்லேர்ந்து உங்க அத்தை வராங்க. போன வாரம் சோபா இருக்க, எதுக்குப் பாய் விரிச்சு என்னை உட்கார வெச்சாங்கன்னு இப்பதான் புரியுது. எழுந்திருக்கும்போது வலது கையை ஊனினா பையனாம், இடதுன்னா பொண்ணாம். மூணு தடவை எழுப்பிப் பார்த்தாங்க."

அதோடு விட மனம் வரவில்லை. ஓரத்தில் நெருக்கி எழுதினாள்.

"அவங்க பார்த்தது பரவாயில்ல. கிச்சன்லேர்ந்து நீயும் எட்டிப் பார்த்தியே, ஏன்? ஸ்கேன்ல குழந்தை நல்லா இருக்குன்னு டாக்டர் சொன்னப்ப அழுதவன்தானே நீ? அது போதாதா?"

அடியில் இன்னும் ஒரு விரற்கடை இடம் இருந்தது.

"இன்னிக்கும் பாய் விரிச்சா, நான் எந்தக் கையையும் ஊன மாட்டேன். முதுகு வலி. நீதான் வந்து தூக்கிவிடணும். நீ எந்தக் கையை முதல்ல நீட்டுறேன்னு நானும் பார்க்கிறேன்."