இறக்கி விட்ட பிறகு

மார்ச் 4
இன்று வாலுவை மூன்று மாடியும் தூக்கிக்கொண்டே ஏறினேன். ஐந்து வயதுப் பெண். இடுப்பு கழன்றுவிடும் போலிருக்கிறது. இருக்கட்டும். படி ஏறினால் இருமுவாள். அவள் இருமினால் எனக்கு உயிர் போய் உயிர் வரும்.
"அவளுக்குக் காலு எதுக்கு இருக்கு, அழகுக்கா?" என்றார் அவர். எல்லாமே கிண்டல்தான் இந்த மனுஷனுக்கு.

மார்ச் 11
சளிப் பரிசோதனையில் சூடோமோனாஸ். பிறவியிலேயே சளி கெட்டிப்படும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோய் அவளுக்கு என்று சொன்ன நாளிலிருந்து நான் பயந்த அதே கிருமி. நுரையீரலில் குடியேறிவிட்டால் கிளப்புவது கஷ்டமாம். நெபுலைசரைக் கொதிக்க வைக்கிறேன், கதவுப் பிடியைக்கூடத் துடைக்கிறேன் — எங்கே கோட்டை விட்டேன்?

மார்ச் 13
டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுதிருக்க மாட்டேன்.
"எங்கேர்ந்து வந்துச்சுன்னு தேடாதீங்கம்மா. தண்ணி, மண்ணு, எங்க வேணா இருக்கும். தங்க விடாம பாப்போம். கெட்டிச் சளிக்குள்ள காத்து போகாது. காத்து குறைஞ்சா அது புரிஞ்சுக்கும். தன்னைச் சுத்தி உறை கட்டிட்டு உக்காந்துடும். அப்புறம் மருந்து லேசுல ஏறாது. இப்பதானே வந்திருக்கு, மருந்து புடிச்சு விரட்டிப் பாக்கலாம். ஆனா சளி அசைஞ்சுட்டே இருக்கணும். நல்லா ஓடுறாளா?"
நான் வாயைத் திறப்பதற்குள் வாலு: "நான் அம்மா இடுப்புலதான் போவேன்."
"இருமட்டும்மா. இருமல்தான் அவளுக்குத் துடைப்பம்."

மார்ச் 14
இருமக் கூடாதென்று போர்த்தி உட்கார வைத்த மாலைகளெல்லாம்... அந்தக் கிருமிக்கு நானே பாய் விரித்துக் கொடுத்தேனா? அவரிடம் கேட்டேவிட்டேன். கிண்டல் வரவில்லை.
"நீ மட்டுமா பயந்த? அவ இருமினா நான் டிவி சத்தத்தை ஏத்துறேன்ல."

மார்ச் 15
முதல் மாடி வரை நடந்தாள். இருமினாள். கைப்பிடிக் கம்பியை நான்தான் இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஏப்ரல் 2
கட்டிலில் ஒரே குதி. கீழ்வீட்டுக்காரர் வந்துவிட்டார், தலையெல்லாம் சுண்ணாம்புத் தூளோடு. காரணத்தைச் சொன்னேன். தலையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.
"சாயங்காலமா குதிக்கச் சொல்லுங்க. நான் கடைக்குப் போயிடுவேன்."

மே 20
கிருமி இல்லை. "இந்தத் தடவை," என்று சேர்த்துச் சொன்னார் டாக்டரம்மா. மறுபடி பார்க்க வேண்டுமாம். பார்ப்போம்.
வீடு வந்ததும் பழக்க தோஷத்தில் படியடியில் குனிந்து கை நீட்டினேன். ஆள் இல்லை. மேலே எங்கிருந்தோ இருமல் கேட்டது. ஓடவில்லை, நின்று கேட்டேன். நன்றாக, அடி வயிற்றிலிருந்து வரும் இருமல்.
பிறகு கம்பி வழியே ஒரு தலை எட்டிப் பார்த்தது.
"இன்னும் கீழயே நிக்கிற? உனக்குக் காலு எதுக்கும்மா இருக்கு?"