பனி எறக்கத்துக்கு முன்னால கொக்கிய மாட்டு

அப்பு உதயகுமாரு, எப்புடிய்யா இருக்க, மருமகப்புள்ள சத்தியப்பிரியா எப்புடி இருக்கு, கால் வீக்கம் வத்துச்சா, சோறு எறங்குதா. இங்க நானும் ஒங்கம்மாவும் தங்கச்சி சந்திரலேகாவும் இருக்கோம், ஒடம்புக்கு ஒன்னும் இல்ல, அம்மாவுக்கு மட்டும் அந்த முழங்கால் வலி, அது எப்பவும் உள்ளதுதான். எனக்கு மனசுதான் மூணு நாளா ஒரு எடத்துல நிக்கல. தெனமும் போன்ல பேசுறோமே, இது என்னத்துக்கு லெட்டருன்னு நீ நெனப்ப. போன்ல நான் டிராக்டரு வண்டிப் பேச்ச எடுத்தா சரிப்பா சரிப்பான்னுட்டு அம்மாட்ட குடுக்கச் சொல்லிப்புடுற. ஸ்பீக்கர்ல போட்டா மருமக கேக்குது, நெறமாசத்துல அது கேக்கக் கூடாத பேச்சு இது. எனக்கு எழுதவும் வராது, பஸ்ஸு போர்டு படிப்பேன் அம்புட்டுதான். சந்திரலேகாதான் போன்ல ஒரு மைக்குப் படத்தக் காட்டி, இத அமுக்கிட்டுப் பேசுங்கப்பா, நீங்க பேசப் பேச அதுவே எழுதிக்கிட்டுப் போகும், முடிஞ்சதும் இந்த அம்புக்குறிய அமுக்குனா அண்ணனுக்குப் போயிரும்னு சொல்லிக்குடுத்துட்டு காரைக்குடிக்கு வேலைக்குப் போயிருச்சு. கதிரு அறுத்த வயல உழ வந்தவன், டிராக்டர அணைச்சுட்டு சீட்டுல ஒக்காந்து தனியாப் பேசிக்கிட்டு இருக்கேன், கொக்குதான் நாலு நின்னு பாக்குது. நீ இத வண்டியில ஒக்காந்து படிக்காத. வீட்டுக்குள்ள, கதவச் சாத்திட்டு, ஒக்காந்து படி. மருமகட்ட காட்டாத.

அங்க வெளிநாட்டுல நீ டிராக்டர்ல பனி அள்ளுற வீடியோவ ஒங்கம்மா ஊரு பூராம் காட்டிருச்சு. கடைத்தெருவுக்கு வெத்தல வாங்கப் போனாலும் போன எடுத்து நீட்டிருது. பெரிய வீட்டு பெத்தாச்சி ஆச்சி இருக்காகள்ல, அவுக கண்ணாடியப் போட்டு நல்லாப் பாத்துட்டு, ஏன் கருத்தையா, அம்புட்டையும் அள்ளி எங்குட்டுக் கொட்டுறான் ஒன் மகன், யாரும் வெலைக்கு வாங்குவாகளான்னு கேட்டாக. இல்லாச்சி, அது தானா உருகி ஓடிரும்னேன். தானா ஓடுறத எதுக்குப்பா டீசலப் போட்டு அள்ளுறான், பொறுத்திருந்தா என்னன்னாக. நாலு மாசம் பொறுக்கணும் ஆச்சின்னேன். ஆச்சி கண்ணாடியக் கழட்டிட்டு, அப்புடி ஒரு ஊர்ல போயி யாருப்பா மொத மொத வீட்டக் கட்டுனதுன்னு கேட்டாக. எனக்கும் அதே கேள்விதான். இங்க ரெண்டு ஏக்கரு வயலப் பாத்தாலே கம்ப்யூட்டருக்குள்ள போயி ஒளிஞ்சுக்குவ நீ, அங்க போயி பத்து ஏக்கரு காட்டுக்குள்ள மேட்டு மேல வீட்ட வாங்கியிருக்க. வாசலுக்கும் ரோட்டுக்கும் கால் கிலோமீட்டரு எறக்கம், ஒரு பக்கம் ஓடை. காசுக்குப் பனிய வழிச்சு விடுற ஆளு இருக்காகளாம், ஆனா பெரிய பனியன்னைக்கு நாப்பது வீட்ட முடிச்சுட்டுத்தான் ஒன் வீட்டுக்கு வருவாகங்குற. வழிச்சு விடலைன்னா ஆம்புலன்ஸ் ஏறாது. வர்ற வெள்ளிக்கெழம பெரிய பனின்னு சொன்ன, மருமகளுக்கு டாக்டரு குடுத்த தேதி அதுக்கு நாலு நாள் கழிச்சு. இன்னைக்குப் புதன். வண்டிய ஓட்டாதடான்னு சொல்லவும் எனக்கு வழியில்ல, ஓட்டுடான்னு சொல்லவும் வாய் வரல.

ஞாயித்துக்கெழம நீ சீட்டுல ஒக்காந்தபடியே போன சுத்திச் சுத்திக் காமிச்ச. சின்ன வண்டி, லட்சணமாத்தான் இருந்துச்சு, முன்னால அள்ளுற பக்கெட்டு, பின்னால வழிக்கிற பிளேடு. அப்புறம் போனக் கீழ எறக்கி, இங்க பாருங்கப்பா, நம்ம வண்டி மாதிரியே ரெட்டப் பிரேக்கு, பின் சக்கரத்துக்கு ஒன்னொன்னு, நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியே ஒத்தப் பெடல மிதிச்சு எடத்துலயே திருப்புறேன்னு சொல்லிச் சிரிச்ச. அந்த ரெண்டு பெடலையும் ஒன்னாப் பூட்டுற கொக்கி ஓரமா மடங்கிக் கெடந்துச்சு. நீ அதக் கண்டுக்கல, நான் கண்டேன். அதுக்கப்புறம் மருமக சன்னல்லருந்து எடுத்த வீடியோ வந்துச்சு. பக்கெட்டு நெறயப் பனி, அதத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு எறக்கத்துல வர்ற, திருப்பத்துல பிரேக்க மிதிச்ச, வண்டி அப்புடியே ஓடைப் பக்கமா ஒரு முழம் வழுக்கிச் சுத்துச்சு. நீ அதுக்கும் சிரிச்ச. ஒங்கம்மா கை தட்டுச்சு. எனக்குக் கையில இருந்த கிளாஸ எங்க வெக்கிறதுன்னு தெரியல. திரும்பப் போன்ல கூப்புட்டு, பாத்துடா, மெதுவாடான்னதுக்கு நீ என்ன சொன்ன, பயப்படாதீகப்பா, நான் மட்கார்டுல யாரையும் ஏத்துறதே இல்ல, மாமாவுக்கு நடந்தது எனக்கு மறக்குமான்னு சொன்ன. அந்தச் சொல்லுதான் மூணு நாளா என்னய அறுக்குது.

திங்கக்கெழம பஸ் ஏறி தேவகோட்டைக்குப் போயி நம்ம டிராக்டர் மெக்கானிக்கு முத்துராமனப் பாத்தேன். வெளிநாட்டுச் சின்ன வண்டியில ரெட்டப் பிரேக்கு எப்புடி இருக்கும், பூட்டாம ஓட்டுனா பனியில என்ன செய்யும்னு கேட்டேன். எந்த நாட்டு வண்டியா இருந்தா என்னண்ணே, ஒத்தச் சக்கரத்தப் புடிச்சா சுத்தத்தான செய்யும், வழுக்குத் தரைன்னா கவுத்துப்புடும்னான். சொல்லிட்டு, எதுக்குண்ணே திடீர்னு கொக்கியப் பத்திக் கேக்குறீக, இம்புட்டு வருசமா ஓட்டுறீக ஒங்களுக்குத் தெரியாததான்னு கேட்டான். நான் சும்மா கேட்டேன்டான்னு எந்திரிச்சு வந்துட்டேன். சும்மா இல்ல அப்பு.

பதினாலு வருசத்துக்கு முன்னால, ஐப்பசி மாசம், நீ மதுரையில காலேஜுல இருந்த. நல்ல மழ. கண்மாய் நெறஞ்சு மிச்சத் தண்ணி கலுங்கு வழியா வெளிய போகுது. கலுங்குன்னதும் நெனப்பு வருது, அந்த வருசந்தான் பக்கத்து வீட்டு முத்தரசு கெளுத்தி மீன வேட்டி மடியில கட்டிக்கிட்டு வந்து, முள்ளு குத்தக் கூடாத எடத்துல குத்தி, ரெண்டு நாளு நின்னுக்கிட்டே சோறு தின்னான், அவன் பொண்டாட்டி ஊருக்கே சொல்லிச் சிரிச்சுச்சு. சரி, அது கெடக்கட்டும். சொல்ல வந்தத விட்டுட்டு மீனப் பேசுறேன். சொல்ல வரல, அதான்.

அன்னைக்குக் கண்மாய்க்குக் கீழ வயல்ல நடவுக்குச் சேறு கலக்கத் தொழி ஓட்டுனேன். சேத்துக்குள்ள வரப்பு ஓரம் வந்தா ஒரு பக்கத்துப் பிரேக்க மட்டும் மிதிச்சாத்தான் வண்டி திரும்பும், அதுக்குக் கொக்கியக் கழட்டி விட்டுருவோம், ஒனக்கே தெரியும். மேட்டுக்கு ஏறுனா மொத வேல அந்தக் கொக்கிய மாட்டுறது. நான் மாட்டல. பெரிய காரணம் ஒன்னும் இல்லப்பு, பசி, வெயிலு சாயுது, வீட்டுல கருவாட்டுக் கொழம்புன்னு ஒங்க மாமன் சேவுகப்பெருமாளு சொன்னாரு, அம்புட்டுதான். அவரு வலது பக்க மட்கார்டுல ஒக்காந்து வந்தாரு. கண்மாய்க் கரையில வரும்போது பீடியப் பத்த வெச்சு எனக்குக் குடுக்கச் சாஞ்சாரு, அது நெசந்தான். ஆனா என் கைய அவரு தட்டல. குறுக்க ஒரு ஆட்டுக்குட்டி ஓடியாந்துச்சு, நான் பிரேக்க மிதிச்சேன், காலு பழக்கத்துல வலது பெடல்ல மட்டும் எறங்குச்சு. காலையிலருந்து நூறு தடவ அப்புடி மிதிச்ச காலு. வலது சக்கரம் நின்னுச்சு, எடது சக்கரம் நிக்கல. வண்டி ஒரு சுத்து சுத்திக் கரையத் தாண்டிப் பொரண்டுச்சு. நான் தூக்கி எறிஞ்ச மாதிரி தண்ணியில விழுந்தேன். மாமன் கால் மேல வண்டி. ஓடியாந்த நாலஞ்சு பேரு கம்பக் குடுத்து நெம்பி அவர உருவி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாக, அந்த இருட்டுல கொக்கிய யாரும் பாக்கல.

மறுநா ஜேசிபி வர்றதுக்கு முன்னால நான் மட்டும் கரைக்குப் போனேன். வண்டி கவுந்து கெடக்கு, கொக்கி தொங்கிக்கிட்டுக் கெடக்கு. அத மாட்டி விட்டேன். ரெண்டு தடவ வழுக்குச்சு, மூணாவது தடவ மாட்டிக்கிச்சு. அதுக்கப்புறந்தான் ஊரு வந்துச்சு, பாத்துச்சு, மட்கார்டுல ஆள வெச்சு ஓட்டுனா இப்புடித்தான்னு பேசிக்கிச்சு. ஆஸ்பத்திரியில மாமன் கண்ணு முழிச்சு, என் கையப் புடிச்சுக்கிட்டு, மச்சான், பீடியக் குடுக்குறேன்னு நாந்தான் ஒங்க கையத் தட்டி விட்டுட்டேன் போல, ஒங்களுக்கு ஒன்னும் இல்லையேன்னு கேட்டாரு. நான் ஆமான்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல. மூணு ஆபரேசன் பண்ணியும் அந்தக் காலு நாலு வெரக்கட கொறஞ்சுதான் போச்சு. மலேசியாவுக்கு விசா வந்து கெடந்துச்சு அவருக்கு, அது அப்புடியே போச்சு. இன்னைக்கும் எவனாச்சும் டிராக்டரு மட்கார்டுல ஒக்காந்து போனா டீக்கடைய விட்டு எறங்கி வந்து, டேய் என் காலப் பாருங்கடா, என் புத்தி கெட்டுப்போயி மச்சானையும் தண்ணியில தள்ளுனேன்டான்னு திட்டுவாரு. நான் அந்தக் கடையில டீயக் குடிச்சுக்கிட்டு கேட்டுக்கிட்டு இருப்பேன். நீ லீவுக்கு வந்தப்ப என்னாச்சுப்பான்னு கேட்ட. மட்கார்டுல ஆள ஏத்தக் கூடாதுடான்னு சொன்னேன். அதப் புடிச்சுக்கிட்டு நீ அவ்வளவு தூரம் போயிருக்க. ஒத்தப் பிரேக்குல திருப்ப நாந்தான் ஒனக்குச் சொல்லிக்குடுத்தேன், அது ஆளக் கொல்லும்னு சொல்ல வேண்டிய அன்னைக்குச் சொல்லல. என் பொய்யி இப்ப ஒன் காலடியில கெடக்குது.

அதுனால வெள்ளிக்கெழமைக்குள்ள செய்யி. போயி அந்தக் கொக்கிய மாட்டு, மாட்டிட்டு அது மேல ஒரு கம்பியச் சுத்தி முறுக்கி விட்டுரு, அவசரத்துல கழட்டணும்னு ஆச வந்தாலும் கழட்ட முடியாத மாதிரி. எடத்துல திருப்ப வேணாம், முன்னால போயி பின்னால வந்து திருப்பு, நேரம் ஆனா ஆகட்டும். நான் பனியப் பாத்ததில்ல, ஆனா மழ பேஞ்ச களிமண் கரையப் பாத்திருக்கேன், ரெண்டுக்கும் கலருதான் வேறன்னு தோணுது. எறக்கத்துல கிளச்ச அமுக்காத, நியூட்ரலுக்குப் போகாத, சின்ன கியருல வா, நாலு சக்கரமும் இழுக்குற லீவரப் போட்டே வெச்சுக்க, இஞ்சினு புடிச்சு எறக்கட்டும், பிரேக்கு கடைசிக்குத்தான். பக்கெட்டத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு வராத, தரையோட தரையா வெச்சுக்க. டயருக்குச் சங்கிலி வாங்குனேன், இன்னும் பிரிக்கலன்னியே, என்னத்துக்கு வாங்குன, பிரிச்சு மாட்டு. சீட்டுக்குப் பின்னால, வண்டி பொரண்டா ஆளக் காக்குற இரும்பு வளைவு மடங்கிக் கெடந்துச்சு, ஷெட்டு வாசல் ஒசரம் பத்தலன்னு மடக்குனேன்னியே, வெளிய வந்ததும் அத நிமித்தி வெச்சுட்டு பெல்ட்டப் போடு, நிமித்தாம பெல்ட்டப் போடக் கூடாதுன்னும் நீதான சொன்ன. ஓடைப் பக்கம் பனி மூடிட்டா கரை எது பள்ளம் எதுன்னு தெரியாது, இப்பவே குச்சி நட்டு செகப்புத் துணி கட்டி வையி, அதுக்கு இங்குட்டு அஞ்சு அடி விட்டுட்டுப் பனிய வழி. ஆம்புலன்ஸுக்கு வழி வேணுந்தான் அப்பு, ஆனா அதுல ஏத்த வேண்டியது மருமகள மட்டுந்தான்.

இத முடிச்சதும் ஒனக்கு என் மேல கோவம் வரும். ஒன் கல்யாணத்துல மாமன் அந்தக் கால இழுத்துக்கிட்டு மூணு பந்தி பரிமாறுனது நெனப்பு வரும். என்னயத் திட்டு, ஆனா கொக்கிய மாட்டிட்டு வந்து திட்டு. அம்மாட்ட நீ சொல்லிறாத, அவரு அதோட தம்பி, நாந்தான் சொல்லணும். ஆஸ்பத்திரிலருந்து வரட்டும், கல்யாணம் முடியட்டும், திருவிழா முடியட்டும்னு தள்ளித் தள்ளியே பதினாலு வருசம் ஓடிருச்சு.

மருமகப்புள்ள தைரியமா இருக்கட்டும், கருப்பன் தொணை உண்டு, தாயும் புள்ளையும் ரெண்டு உசுராப் பிரிஞ்சு நல்லபடியா வீடு வந்து சேரட்டும், நீ நெறஞ்ச ஆயுசோட இருந்து அந்தப் புள்ளைய வளக்கணும். மறந்துறாத, கொக்கிய மாட்டிக் கம்பி சுத்தி ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, வெள்ளிக்கெழமைக்கு முன்னால. ஒன் மொகத்த எடுக்காத, பெடல எடு.

இப்படிக்கு ஒன் அப்பன் கருத்தையா, நாச்சியாபுரம்.

இரு அப்பு, அந்த அம்புக்குறி எங்குட்டு இருக்குன்னு வெரல வெச்சுத் தேடிக்கிட்டு இருக்கேன். வரப்பு மேல ஒங்க மாமன் வர்றாரு. காலையிலருந்து நான் கடைப் பக்கம் வரலன்னு டீய எடுத்துக்கிட்டு அவரே நடந்து வர்றாரு, இந்த வரப்புல, அந்தக் காலோட. மச்சான், தனியா யார்ட்ட பேசுறீக, கிறுக்குப் புடிச்சிருச்சான்னு கேக்குறாரு. உதயகுமாருட்டதான் மாப்புள. இல்ல, அங்குட்டே நிக்காதீக, இப்புடி வாங்க, அந்த டீயக் கீழ வைங்க. அன்னைக்குக் கரையில ஒங்க கை என் மேல படவே இல்ல மாப்புள, நாந்தான் அந்தக் கொக்கிய