வலைக்கு ஈயம் கேட்ட நைனாவுக்கு

ஈயச் சுரங்கக் காலனி,
13.8.1984

நைனாவுக்கு, மகன் தணிகாசலம் வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

எனக்கு ஒரு வாரமாக வேலை இல்லை. பயப்படாதீர்கள். இங்கே பிள்ளைகளுக்கு ஓயாத வயிற்றுவலி. ஈயத்தூசிதான் காரணம் என்று டவுன் டாக்டர் சொல்லிவிட்டார். கம்பெனியோ, வெல்லம் தின்றால் தூசி இறங்கிவிடும் என்று வீட்டுக்கு வீடு வெல்லம் கொடுத்தது. பக்கத்து வீட்டு மணியம்மாள், நம் கடலூர்க்காரி, காலனிப் பெண்களைத் திரட்டி அத்தனையையும் மானேஜர் வாசலில் கொட்டினாள். "நீயே துன்னுட்டு, உன் புள்ளைங்கள இந்த மண்ணுல வெளையாட வுடுய்யா!" என்று கத்தினாள். வடக்கத்தி மானேஜருக்குத் தமிழ் புரியவில்லை. மறுநாள் ஆபீஸெல்லாம் எறும்பு மொய்த்தபோது புரிந்தது. அவர்களோடு நானும் ஈயம் ஏற்றிய கம்பெனி லாரியை மறித்தேன். அதனால்தான் இந்த ஓய்வு.

இந்த நேரத்தில் உங்கள் கடிதம்! "வலைக்குக் குண்டு ஊத்தணும், அங்க ஈயம் சும்மாதான கெடக்கும், ரெண்டு கட்டி அனுப்பு." என்ன நைனா இது? ஊரெல்லாம் கூடி ஈயம் வேண்டாம் என்று தொண்டை கிழியக் கத்துகிறோம், நீங்கள் பார்சல் கேட்கிறீர்கள். அனுப்பமாட்டேன். வீட்டில் இருப்பதையும் சோறாக்கும் அடுப்பில் உருக்காதீர்கள். நம் குருசுக்குப்பத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று சொல்லாதீர்கள்.

நெத்திலிக் கருவாடு கொஞ்சம் அனுப்புங்கள். இங்கே ரேடியோவில்கூடத் தமிழ் எடுக்கவில்லை.

தபால்காரர் நிற்கிறார். ஒன்று மட்டும் உடனே எழுதுங்கள். ஈயம் உருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து அடுப்பு ஊதுவது என் மகள் கொளஞ்சிதானே? அவளுக்கு அடிக்கடி வயிறு வலிக்கிறது, மாங்காய் தின்றிருப்பாள் என்று எழுதியிருந்தீர்களே. அது எப்போதிலிருந்து?

தணிகாசலம்