ரூபாய்க்கு நாலு, ரூபாய்க்கு ரெண்டு

மதினி,

அண்ணன் பழைய பேப்பர்காரருக்குப் போடக் கட்டி வைத்திருந்த கட்டிலிருந்து உங்கள் கணக்கு நோட்டை உருவி எடுத்து வந்தேன். அட்டை போய்விட்டது. உங்கள் சாய்ந்த எழுத்து இருக்கிறது. ஒரு பக்கத்தில், ஒரு கணக்கின் குறுக்கே, சிவப்பு மையில் நீளமாக ஒரு கோடு. பத்து வருடமாகியும் மங்கவில்லை. கோடு என்னுடையது.

களைப்பாக இருக்கிறது. ஆறு பீரியட் நின்றுவிட்டு வந்து எழுதுகிறேன். இன்றைக்கும் நான் நடத்தியது அதே கணக்குதான். ஒரு பையில் இருபத்தைந்து காசும் ஐம்பது காசுமாக நாற்பது நாணயங்கள். மொத்தம் பதினான்கு ரூபாய். ஒவ்வொன்றும் எத்தனை?

அது எண்பத்தெட்டாம் வருடம். நான் ராஜபாளையத்தில் பி.எஸ்ஸி. கணிதம், இரண்டாம் வருடம். நீங்கள் கல்யாணத்துக்கு முன் பத்தாம் வகுப்பில் கணக்கில் மட்டும் தவறியவர். பக்கத்துத் தெருப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர் வேலை காலியாகப்போகிறது என்றார்கள். பத்து பாஸாகியிருக்க வேண்டும். கிடைக்காவிட்டால் பேண்டேஜ் துணி கம்பெனிதான். நாளெல்லாம் நின்றபடி துணி சுருட்ட வேண்டும். தலைமுடியெல்லாம் பஞ்சு.

"ஏன் கொழுந்தனாரே, இந்த எக்ஸைக் கண்டுபிடிச்சவனுக்கு வேற சோலியே இல்லையா?"

முகச்சவரம் செய்துகொண்டிருந்த அண்ணன் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னான்: "ஏட்டி, அவன் சோலிய அவன் பாத்துட்டுப் போயிட்டான். நீ ஒன் சோலியப் பாரு."

மூன்று வயது மகள் உங்கள் மடியில் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

நீங்கள் எழுதிய முதல் வரி: எக்ஸ் கூட்டல் ஒய் சமம் பதினான்கு. நான் அங்கேயே நிறுத்தினேன்.

"எக்ஸ்னா நாணயத்தோட எண்ணிக்கை மதினி. நாற்பதுன்னு வரணும்."

"எண்ணிக்கை என்னத்துக்கு? எம்புட்டு ரூவாய்க்குக் காலு, எம்புட்டு ரூவாய்க்கு அரை. அதத்தான எழுதியிருக்கேன். ரூவாய்க்கு நாலு, ரூவாய்க்கு ரெண்டு. மலையில நாங்க அப்படித்தான வைப்போம்."

மலை என்றால் உங்களுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துத் திருவண்ணாமலைதான், பெருமாள் மலை. அடிவாரத்தில் உங்கள் அப்பாவின் துளசிக் கடை. புரட்டாசிச் சனிக்கிழமைகளில், படியோரம் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் போடச் சில்லறை கேட்டு ஜனங்கள் நோட்டை நீட்டுவார்கள். சாக்கின் மேல் நீங்கள் ஒரு ரூபாய்க் குவியல்களாக வைத்திருப்பீர்கள். கால் ரூபாய் என்றால் நாலு. அரை ரூபாய் என்றால் இரண்டு. காசை யாரும் எண்ணுவதில்லை. குவியலைத்தான் எண்ணுவார்கள். பாவாடை கட்டிய வயதிலிருந்தே உங்கள் கைக்கு அதுதான் கணக்கு.

"இது மலை இல்ல மதினி, அல்ஜீப்ரா" என்றேன்.

கோடு போட்டேன்.

அதன் பிறகு என் வழியை மனப்பாடம் செய்தீர்கள். நாற்பது, இருபத்தைந்து எக்ஸ், ஐம்பது ஒய், ரூபாயைக் காசாக்கு. சோறு வடிக்கும்போதும் உதடு அசைந்தது.

தேர்வு மையம் ஸ்ரீவில்லிபுத்தூரில். வெளியே வந்தீர்கள். முகம் வியர்த்திருந்தது.

"காசுக் கணக்கு வந்திருந்துச்சு தம்பி. நீங்க சொன்ன மாதிரியேதான் போட்டேன். மைனஸ்ல வந்துருச்சு."

ரூபாயைக் காசாக்க மறந்திருந்தீர்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து திடீரென்று சிரித்தீர்கள். "மைனஸ் காச எந்தக் கடையில வாங்குவாக?" நானும் சிரித்தேன். அண்ணன் சிரிக்கவில்லை.

முப்பத்தொன்று. முப்பத்தைந்து வேண்டும். அந்தக் கணக்குக்கு ஐந்து மதிப்பெண்.

கம்பெனிக்குப் போகத் தொடங்கினீர்கள்.

அக்டோபர்த் தேர்வுக்குப் பணம் கட்ட நாலு நாள் மீதி இருந்த ஒரு சாயங்காலம். உங்கள் வீட்டில் யாரும் இல்லை. நோட்டு ஜன்னலில் கிடந்தது. வெறுமனே, கோட்டுக்கு அடியில் இருந்த உங்கள் வரியிலிருந்து தொடர்ந்து பார்த்தேன். எக்ஸ் கூட்டல் ஒய் பதினான்கு. நாலு எக்ஸ் கூட்டல் ரெண்டு ஒய் நாற்பது. எக்ஸ் ஆறு. ஒய் எட்டு. ஆறு ரூபாய்க்குக் கால் ரூபாய், இருபத்து நாலு. எட்டு ரூபாய்க்கு அரை ரூபாய், பதினாறு. கூட்டினால் நாற்பது.

காசாக்க வேண்டிய வேலையே இல்லை. மறப்பதற்கும் ஒன்றுமில்லை. என் வழியைவிடச் சின்னது.

நீங்கள் வந்தீர்கள். புருவத்தில் பஞ்சு. பின்னாலேயே அண்ணனும்.

"என்ன, பணம் கட்டணுமா வேண்டாமா? ஒரு முடிவு சொல்லு."

நீங்கள் அண்ணனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தீர்கள்.

"தம்பி, நீங்க சொல்லுங்க. எனக்கு வருமா?"

கணிதம் படிக்கிற பிள்ளை என்று தெருவே சொல்லிக்கொண்டிருந்த காலம். நோட்டு என் கையில்தான் இருந்தது. மூடினேன்.

"உங்க இஷ்டம் மதினி" என்றேன்.

"விடுங்க. எனக்குக் கணக்கு வராது." உலை வைக்கப் போய்விட்டீர்கள்.

அந்த வேலைக்கு வேறு யாரோ வந்தார்கள். நீங்கள் பத்து வருடம் துணி சுருட்டினீர்கள். யார் கேட்டாலும், பிறந்த ஊரைச் சொல்வதுபோல் அதைச் சொன்னீர்கள். எனக்குக் கணக்கு வராது. பக்கத்தில் உட்கார்ந்து நான் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். பலமுறை. குழம்பு நன்றாக இருக்கும்.

போன மாதம் ஒன்பது நாள் காய்ச்சல். பெரியாஸ்பத்திரியில் உங்கள் கையைப் பிடித்தபடி இருந்தேன். அப்போதும் சொல்லவில்லை. அங்கே போய் அல்ஜீப்ராவா என்று தோன்றியது. சாக்குதான். பத்தாம் நாள் நீங்கள் இல்லை.

நோட்டை எடுத்த ஞாயிற்றுக்கிழமை, கிளம்பும்போது உங்கள் மகள் வாசலுக்கு வந்தாள். ஒன்பதாம் வகுப்பு. காலாண்டில் கணக்கில் தவறியிருக்கிறாள். நான் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள்.

"எனக்கும் வராது சித்தப்பா. அம்மா மாதிரி."

"உங்கம்மாவுக்கு வந்துச்சு" என்றேன். "அம்மா போட்டது சரி. நான்தான் தப்புன்னு அடிச்சேன்."

அவள் என்னையே பார்த்தாள். உங்கள் கண்கள் அல்ல. அண்ணனின் கண்கள்.

"அது அம்மாவுக்குத் தெரியுமா?"

முற்றத்தில் அண்ணன் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கும் கேட்கும்படிதான் சொன்னேன்.

"தெரியாது."

ஈரச் சட்டையோடு அண்ணனின் கை கொடியில் அப்படியே நின்றது. பிறகு சட்டையை உதறிப் போட்டான். அடுத்ததை எடுத்தான். என்னை ஒன்றும் கேட்கவில்லை மதினி. கேட்டிருக்கலாம்.