கிணற்றுத் தண்ணீரில் கழுவிய பிளேடு

2004 ஜூன் 15, செவ்வாய். சாயல்குடி.

அண்ணனின் சலூனில் இன்று முடிவெட்டும் மிஷின் ஒருவரின் பிடரி முடியைப் பிடுங்கிவிட்டது. பாதித் தலையோடு எழுந்து திட்டிவிட்டுப் போனாராம். மதியம் சாப்பிட வந்த அண்ணன், "மிஷினு செத்துப்போச்சு. இனிமே கத்தரிதான்" என்று அதை மூலையில் வைத்தான்.

நான் பிளேடைக் கழற்றினேன். பல்லெல்லாம் துரு.

"எதுலண்ணே கழுவுன?"

"கெணத்துத் தண்ணியிலதான். தெனமும் கழுவுறேன்ல?"

எங்கள் கிணற்றின் உப்பில் இரும்பு வாளியே ஓட்டையாகிவிடும். பிளேடை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய பிரஷால் தேய்த்துத் துடைத்தேன். தையல் மிஷின் எண்ணெய் விட்டேன். மேல் பிளேடு கீழ்ப் பிளேடைத் தாண்டினால் தோலை வெட்டும். மயிரிழை அளவு உள்ளே தள்ளி முடுக்கினேன்.

"யாரு தலையில பாக்குறது?"

அண்ணன் உடனே முதுகைக் காட்டி உட்கார்ந்தான். "ஏத்தா, காதை மட்டும் விட்டுரு." ஒரு முடியைக்கூட இழுக்காமல் மிஷின் ஓடியது.

சாயங்காலம் அந்த ஆளைத் தேடிப்போய்க் கூட்டிவந்து மீதித் தலையை வெட்டியிருக்கிறான். "ஏலே, மதுரை மெக்கானிக்கா சரிபண்ணுனான்?" என்று அவர் கேட்டாராம். "எந்தங்கச்சி" என்றானாம், கடை நிறைய ஆள் இருக்கும்போதே.

இரவு அவன் இதைச் சொன்னபோது நான் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. சிரிப்பை அடக்க முடியாமல் கழுவிய தட்டையே மறுபடி கழுவினேன்.