வீணா மேல் வந்த காளி

அன்பு மகள் தனத்துக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே எல்லோரும் சுகமாக இருக்கிறோம், காளியம்மன் புண்ணியத்தில் அயர்லாந்தில் நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் காகிதம் எடுத்தாள் என்று நினைப்பாய். இந்த வீட்டில் போன் பேசினால் உன் தம்பி தினேஷுக்கும் அவன் பெண்டாட்டி வீணாவுக்கும் ஒரு வார்த்தை விடாமல் கேட்கும். பக்கத்து வீட்டு ஆஞ்சலா மகன் அலெக்சாண்டர் அந்தப் பக்கம் வேலைக்கு வருகிறான், அவன் கையில் குழம்பு மிளகாய்த்தூளோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். தூளை ஈரக்கரண்டி போட்டு எடுக்காதே.

விஷயம் இதுதான். ஆடி கடைசி ஞாயிறு நம் ஜோகுபாளையம் கோவிலில் கூழ் ஊற்றினார்கள். வருஷா வருஷம் காளி யார் மேல் வருவாள் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நானும் விரதம் இருந்து, சிவப்புப் புடவை கட்டி, தலையை அவிழ்த்துவிட்டு, அம்மனுக்கு எதிரே போய் நின்றேன். இந்த வருஷம் அலங்காரத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ, எட்டுக் கையிலும் ஆயுதம், காலடியில் எருமைத்தலை அரக்கன் நாக்கு தள்ளிக் கிடக்கிறான். பம்பை அடிக்கிறார்கள், அடிக்கிறார்கள், எனக்கு முழங்கால்தான் வலிக்கிறது, வேறு ஒன்றும் ஆகவில்லை. அப்போது பக்கத்தில் கூழ் அண்டா கழுவிக்கொண்டிருந்த வீணா ஒரு கத்து கத்தினாள் பார், பம்பைக்காரனே கையை நிறுத்திவிட்டான். குரல் எழும்பாமல் பேசும் பெண் அவள், உனக்குத் தெரியும். முடியை உதறிக்கொண்டு வந்து, எனக்கென்று சார்த்தி வைத்திருந்த சூலத்தைப் பிடுங்கிக்கொண்டாள். என் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுகிற பெண்கள் எல்லோரும் குடத்தோடு அவளிடம் ஓடினார்கள். ஒருத்தி என்னை இடித்துத் தள்ளிவிட்டு ஓடினாள். மறைக்க என்ன இருக்கிறது, எனக்கு வயிறு பற்றி எரிந்தது. வந்து இரண்டு வருஷம் ஆகவில்லை, ரசத்துக்குப் புளி எவ்வளவு என்று இன்னும் என்னைக் கேட்கிறவள், அவள் மேல் வருவாளா காளி?

பூசாரி அய்யாவுவிடம் நான்தான் போய், சத்தியம் வாங்காமல் வாக்குக் கேட்கக்கூடாது என்றேன். வந்தது சாமியா என்று பார்க்க உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றுவார்களே, அதுதான். அவர் ஒரு வில்லை எடுத்தார். நான் குனிந்து இன்னொன்றையும் வைத்தேன். வீணா என் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள், எரிந்து முடியும்வரை கையை இறக்கவில்லை. ஜனங்கள் குலவை போட்டார்கள். என்ன குறை தாயே என்று அய்யாவு கேட்டார். கூழ் கேட்பாள், புடவை கேட்பாள் என்றுதான் நானும் நினைத்தேன். அவள் சூலத்தைத் தினேஷ் மார்புக்கு நேரே நீட்டி, "எம் பொண்ணு மேல கைய வெக்கறான்டா இவன், இன்னொரு வாட்டி வெச்சான்னா எங்காலுக்குக் கீழ கெடக்கறானே, அவன மாதிரி போட்டு மிதிப்பேன்" என்றாள். வைட்ஃபீல்டுக்கு ஆபீஸ் வண்டி ஓட்டும்போது யாருக்கும் வழிவிடாதவன், தெருவே பார்க்க அவள் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். அவன் கை நீட்டுவது எனக்குத் தெரியாது என்று சொல்லமாட்டேன். சத்தம் கேட்டால் சீரியலை இன்னும் கொஞ்சம் சத்தமாக வைப்பேன்.

மறுநாள் காலையில் அவள் இடது கையால் மாவு பிசைவதைப் பார்த்தேன். வலது கையைப் பிடித்து இழுத்தால் உள்ளங்கை முழுவதும் கொப்புளம். என் கையில் ஒரு வருஷமாவது கொப்புளம் வந்திருக்கிறதா, நீயே சொல். அப்படியென்றால் அவள் மேல் வந்தது சாமி இல்லை. எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று எழுதுவது தனம், தண்ணீர்க் குழாயடிக்குப் போய் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுத்த வருஷம் சூலம் என் கைக்கு வந்துவிடும். அவள் ஒன்றும் கெஞ்சவில்லை. "சொல்லிடுவீங்களா அத்தே" என்று மட்டும் கேட்டாள். உள்ளே தினேஷ், என்றும் இல்லாத அதிசயமாக, படுத்த பாயைத் தானே சுருட்டிக்கொண்டிருந்தான். நான் சொன்னால் அவனுக்கு அந்தப் பயம் எத்தனை நாளைக்கு நிற்கும்?

கொப்புளத்துக்கு மருந்து தடவி, மேலே மஞ்சள் துணி சுற்றிவிட்டு, சாமி வந்த கை ஆறுவதற்குள் தண்ணீரில் படக்கூடாது என்று நானே ஒரு சாஸ்திரம் உண்டாக்கினேன். இப்போது பாத்திரம் தேய்ப்பது உன் தம்பி. குழாயடியில் கேட்டார்கள், கை பூப்போல இருக்கிறது என்றேன். சொன்னதுதான் தாமதம், வந்து அந்த மஞ்சள் துணியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போகிறார்கள். என் கையை ஒருத்தி இப்படித் தொட்டதில்லை. அதைப் பார்க்கும்போது இன்னும் எரிகிறது.

ஆனால் சூலம் போனது மட்டும் அல்ல, தனம், என் வயிற்றெரிச்சல். என் மேல் வந்த அத்தனை வருஷமும் காளி கூழ் கேட்டாள், பட்டுப் பாவாடை கேட்டாள், ஒரு தடவை கோவிலுக்கு டைல்ஸ் போடச் சொன்னாள். உங்கப்பா எதிரிலேயேதான் நிற்பார், கையில் எலுமிச்சம்பழத்தோடு. முந்தின ராத்திரி என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாதா? பாயில் காதைப் பொத்திக்கொண்டு படுத்திருந்த உனக்கே தெரியும். என் வாயில் வந்து உட்கார்ந்தவள், எனக்காக ஒரு வார்த்தை கேட்கவில்லையே. அவள் வராமலே இந்தப் பெண் கேட்டுக்கொண்டாள். எனக்கு அது தோன்றவில்லை.

அதனால் போனில் கேட்காததைக் கேட்கிறேன். மாப்பிள்ளை உன்னிடம் எப்படி? நல்லவர்தான், எனக்கும் தெரியும், ஆனாலும் கேட்கிறேன். அப்படி ஒன்று என்றால், அந்த ஊரில் பம்பை அடிக்க ஆள் கிடையாது, சாமி வரட்டும் என்று என்னைப்போல் நின்றுகொண்டிருக்காதே. எந்த நேரமானாலும் எனக்குக் கூப்பிடு, சீரியல் பார்க்கிற நேரமானாலும் சரி.

நீயும் மாப்பிள்ளையும் நீண்ட ஆயுளோடு நிறைவாக இருக்க காளி துணை நிற்கட்டும். உறையில் குங்குமம் வைத்திருக்கிறேன், வீணா கையால் கொடுத்தது, மறக்காமல் இட்டுக்கொள். இதைப் படித்ததும் கிழித்துப் போடு.

உன் அம்மா,
வள்ளியம்மா