மிலானிலிருந்து வந்த இரும்பு மோதிரம்

முருகன் துணை

ராசிபுரம்
யுவ வருஷம், தை மாதம் 20ஆம் தேதி

சிரஞ்சீவி குழந்தைவேலுக்கு உன் அம்மா பூவாத்தாள் வாழ்த்தி எழுதுவது. நானும் உன் அப்பாவும் உன் சம்சாரம் சாரதாமணியும் உடம்பளவில் குறைவில்லாமல் இருக்கிறோம். மனசு எப்படி இருக்கிறது என்பது இதைப் படித்து முடிக்கும்போது உனக்கே தெரியும். அந்தக் குளிர் தேசத்தில் உனக்குச் சளி, இருமல் எதுவும் அண்டாமல் இருக்க வேண்டும், கம்பளியை உதறிவிட்டுத் தூங்குகிற பழக்கத்தை அங்கேயாவது விட்டுவிடு. உன் அப்பா கையெழுத்துப் போடுவதோடு சரி, ஆகையால் வழக்கம்போல நான்தான் எழுதுகிறேன். அவர் பக்கத்தில் இருந்தால் இதில் பாதியை எழுத விடமாட்டார், அதனால் அவர் நூல் வாங்கச் சேலம் போன நாளாய்ப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன்.

இங்கே பனி இன்னும் விட்டபாடில்லை. விடிந்ததும் தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டிக் கஞ்சி தோய்க்கும்போது எதிர்முனையில் நிற்கிறவர் முகம் தெரிவதில்லை, போதமலை இருந்த இடமே தெரியாமல் வெள்ளையாய்க் கிடக்கிறது. பாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது எனக்கு என்னென்னவோ தோன்றுகிறது. இந்த நூல் இப்படியே நீண்டு, திருச்செங்கோடு தாண்டிக் காவேரி தாண்டிக் கடலுக்குள் இறங்கி, நீ எழுதினாயே அந்தச் சூயஸ் கால்வாய், அதன் வழியாய்ப் போய் மறுமுனையை மிலான் தெருவில் நீ பிடித்துக்கொண்டு நிற்கிறாய் என்று நினைத்துக்கொள்வேன். இங்கிருந்து ஒரு சுண்டு சுண்டினால் உன் கைக்குத் தெரியும் என்றுகூட நினைப்பேன். பொம்பளைக்கு இன்னும் தூக்கம் தெளியலை, பாவு தொங்குது பார் என்று பனிக்குள்ளிருந்து உன் அப்பா சத்தம் போடுவார். பாவுக்குப் பஞ்சமில்லை சாமி, குறுக்கே ஓட்டுகிற ஊடை நூலுக்குத்தான் திண்டாட்டம். உன்னை அங்கே அனுப்பிச் சாயத்தொழில் படிக்கச் சொன்ன சேலத்து நூல்கடை அப்புசாமி முதலியார் கடையில் கார்த்திகையிலிருந்து இத்தாலிப் பட்டு ஒரு கட்டுக்கூட இல்லை. மரக்கூழில் பண்ணினது, பூச்சி காணாத பட்டு என்று நாம் சிரித்துக்கொண்டே நெய்வோமே, அதேதான். இத்தாலிக்காரன் ஆப்பிரிக்காவில் இருக்கிற அபிசீனியா மேல் படையெடுத்துவிட்டான், அவன் சரக்கு இனி எந்தத் துறைமுகத்திலும் இறங்கக் கூடாது என்று சர்க்கார் உத்தரவாம். இப்போது ஜப்பான் நூல்தான். அறுந்து அறுந்து உன் அப்பா வாயில் நல்ல வார்த்தை வருவதே இல்லை. பள்ளிக்கூடத்து வாத்தியார் சின்னுசாமி அன்றைக்கு நம் தறிமேல் கிடந்த புடவையைத் தடவிப் பார்த்துவிட்டு, பூவாத்தா, இந்தச் சாயம் ஜெர்மனி, முந்தானை இத்தாலி, உடம்பு ஜப்பானு, மூணு ஊர்லயும் இப்ப ஒருத்தன் பேசறான் மத்தவனெல்லாம் கை தட்டறான், நாலஞ்சு வருசத்துல பாரு, இது உலகத்தையே சுத்திக்கும் என்றார். புடவையைப் பார்த்தால் விலை கேட்பார்கள், இவர் மட்டும்தான் இப்படிப் பேசுவார். ஆனாலும் அவர் போன பிறகு அந்தப் புடவையை மடித்து வைக்கவே கை வரவில்லை.

உன் மார்கழிக் கடிதம் பொங்கலுக்கு முதல்நாள் வந்தது. பஞ்சில் சுற்றி ஒன்று வைத்திருந்தாயே, உறையைப் பிரித்ததும் அது உருண்டு சாரதாமணி மடியில் விழுந்தது. இரும்பு மோதிரம். நான் கடிதத்தில் முதல் வரிகூடப் படித்திருக்க மாட்டேன், அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பார்த்தீங்களாங்கத்தை, அவ்வளவு தூரத்துல இருந்தும் மறக்கலைங்க, மாசமா இருக்கறவ கையில இரும்பு இருக்கோணும்னு ஞாபகம் வெச்சு அனுப்பியிருக்காருங்க என்று சொல்லி விரலில் போட்டேவிட்டாள். காத்துக் கருப்பு அண்டாமல் இருக்க நான் அவள் இடுப்பில் செருகி வைத்திருந்த பாக்குவெட்டியை எடுத்து, இந்தாங்க, இனி உங்க பாக்குவெட்டி வேண்டாங்க, குத்துது என்று என் கையிலேயே கொடுத்துவிட்டாள். அப்புறம்தான் நான் மீதியைப் படித்தேன், வாய்விட்டுப் படிக்கவில்லை. அங்கே மைதானத்தில் பெரிய சட்டியில் நெருப்பு வைத்து, ராணி முதல் கூலிக்காரி வரைக்கும் வரிசையாய் வந்து கல்யாண மோதிரத்தைக் கழற்றி யுத்தச் செலவுக்கென்று அதில் போட்டார்கள் என்றும், போட்டவர்களுக்கு இரும்பு மோதிரம் கொடுத்தார்கள் என்றும், நீ தங்கியிருக்கிற வீட்டு அம்மாள் அழுதுகொண்டே சிரித்தாள் என்றும் எழுதியிருக்கிறாய். கூட்டத்தைப் பார்த்து உனக்கும் மயிர்க்கூச்செறிந்து, கல்யாணத்தன்று உன் மாமனார் போட்ட மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பெண் விரல் அளவில் ஒரு இரும்பு மோதிரம் கேட்டு வாங்கினாயாம். தங்கத்தைப் பற்றிச் சாரதாமணியிடம் சொல்ல வேண்டாமாம், ராணி போட்டிருப்பதும் இதே மோதிரம் என்று மட்டும் சொல்ல வேண்டுமாம். அந்தத் தேசத்துத் தலைவர் கட்சியின் கறுப்புச் சட்டைக்காரர்கள் உன்னையும் ஊர்வலத்துக்குக் கூப்பிடுகிறார்களாம், இன்னும் இரண்டு வருஷம் இருக்கலாமா என்று யோசிக்கிறாயாம். எல்லாம் படித்தேன். மருமகள் கேட்டதற்கு, ராணியும் இதுதான் போட்டிருக்கிறாளாம் என்று நீ சொல்லச் சொன்னதை மட்டும் சொன்னேன். அவள் அதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

மிலானில் எல்லோரும் ஒரே மனசாய் நினைக்கிறார்கள், நம் தேசத்துக்கும் அப்படி ஒரு தலைவர் வந்தால் தேவலை என்று எழுதியிருக்கிறாய். கண்ணு, நம் வீட்டில் இருப்பது மூன்று பேர். ரசத்துக்கு உப்புப் போதுமா என்று கேட்டால் நாலு பதில் வருகிறது. அப்படி இருந்தால்தான் ரசம் வாயில் வைக்கிற மாதிரி இருக்கும். ஒரு ஊரே ஒரே மாதிரி நினைக்கிறது என்றால் மாற்றி நினைத்தவன் எங்கே போனான் என்று நீ விசாரித்தாயா. போன ஆவணியில் எழுதிய கடிதத்தில் உனக்கு அந்தப் பாஷை சொல்லிக்கொடுக்கும் அச்சாபீஸ்காரரைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தாய், தலைவரைக் கேலி பண்ணிப் பாட்டுக் கட்டுவார், வயிறு வலிக்கச் சிரித்தேன் என்று. ஐப்பசிக் கடிதத்தில் அவர் பேச்சே இல்லை. மார்கழியிலும் இல்லை. ஊரை விட்டுப் போய்விட்டாரா, போகவைத்தார்களா, நீ கேட்டாயா. நான் அந்த மனுஷனைப் பார்த்ததுகூடக் கிடையாது, ஆனாலும் நினைப்பு அவர் மேலேயே இருக்கிறது. உன் தாய்மாமன் மருதாசலம் போன யுத்தத்தில் பஸ்ராவிலிருந்து எழுதின கடிதத்திலும் சட்டை, பொத்தான், பாண்டு வாத்தியம் என்று ஒரே சந்தோஷம்தான். அந்தச் சந்தோஷத்துக்கு அப்புறம் சர்க்கார் கடுதாசி ஒன்றுதான் வந்தது.

பொங்கல் போய்க் கொஞ்ச நாளில் நம் சக்கரவர்த்தி இறந்துபோனார் என்று பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டார்கள். வாத்தியார் வேலையில்லாமல் நம் வீட்டுக்கு வந்து பத்திரிகை படித்தார். அபிசீனியாவில் ஆகாய விமானத்திலிருந்து ஆஸ்பத்திரி மேல் குண்டு போட்டார்களாம். ஏதோ விஷப்புகை போடுகிறார்கள் என்றும் பேச்சாம், ஆற்றங்கரையில் தண்ணீர் எடுக்க வந்தவர்களுக்கும் மாட்டுக்கும் தோல் வெந்து போகிறதாம். நெல் புடைத்துக்கொண்டிருந்த சாரதாமணி முறத்தைக் கீழே வைத்துவிட்டு, அய்யோ பாவம், அவங்க என்ன பண்ணுனாங்களாம் என்றாள். மோதிரத்தைத் திருகிக்கொண்டேதான் கேட்டாள். என்னால் அவள் கையைப் பார்க்க முடியவில்லை. அன்று மத்தியானம் ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருந்தவள் ராட்டைக்குப் பக்கத்திலேயே கண் அசந்துவிட்டேன். கனவில் போதமலை மேல் பனிக்கட்டி பெய்கிறது, நீ எழுதினாயே பூப்போல விழும் என்று, அப்படி. நம் தெருப் பெண்கள் எல்லோரும் கோயில் வாசலில் வரிசையாய் நிற்கிறோம், முன்னால் சட்டியில் நெருப்பு, ஒவ்வொருத்தியாய்ப் போய்த் தாலியைக் கழற்றிப் போடுகிறாள். யாரும் யாரையும் பிடித்துத் தள்ளவில்லை, எல்லோரும் சிரித்த முகமாய்த்தான் இருக்கிறோம். மேலே ஒரு மாடத்திலிருந்து யாரோ பேசுகிறார், ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனாலும் எனக்கும் கை தட்ட வருகிறது. என் முறை வந்தது, கழுத்தில் கை வைத்தேன், அப்போது சட்டிக்குள் எட்டிப் பார்த்தால் நெருப்பே இல்லை, ஒரு ஆறு ஓடுகிறது, கரையில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி குடத்தோடு குனிகிறாள். விழித்ததும் தாலியைத்தான் தேடினேன், இருந்தது. அந்த அபிசீனியாப் பிள்ளைத்தாய்ச்சியும் இடுப்பில் ஒரு இரும்பைச் செருகிக்கொண்டுதான் இருப்பாள் என்று அன்றைக்கெல்லாம் தோன்றிக்கொண்டே இருந்தது. சாயங்காலம் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். சாரதாமணிக்கு எட்டாம் மாசம் பிறந்ததிலிருந்து கைகால் வீக்கம். போன வாரம் மருத்துவச்சி உண்ணாமலை வந்து பார்த்துவிட்டு, மோதிரத்துக்குக் கீழே விரல் கன்றிப்போய் நீலம் பாரித்திருக்கிறது, இதை உடனே எடுக்காவிட்டால் விரலுக்கே கேடு, பிரசவத்தின்போது இன்னும் வீங்கும் என்றாள். எண்ணெய் போட்டோம், சோப்புப் போட்டோம், பாவுக் கஞ்சியைக்கூடத் தடவிப் பார்த்தோம், அசையவில்லை. கொல்லுப்பட்டறைக்குப் போய் அறுத்துவிடலாம் என்றால் இவள் கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டாள். அவரு காவலுக்கு அனுப்புனதை அறுக்கக் கூடாதுங்கத்தை, விரல் போனாப் போகட்டுமுங்க, புள்ளை நல்லாப் பொறக்கட்டும் என்றாள். நானும் உண்ணாமலையும் எவ்வளவோ கெஞ்சியாயிற்று. வலி தாங்காமல் கண்ணில் நீர் வழிகிறது, ஆனாலும் மாட்டேன் என்கிறாள். அதற்கு மேல் நான் என்ன செய்வேன். உண்ணாமலையை அனுப்பிவிட்டு, உன் கடிதத்தை எடுத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாய்விட்டுப் படித்தேன். சட்டி, நெருப்பு, அவள் அப்பன் போட்ட மோதிரம், அவளிடம் சொல்ல வேண்டாம் என்று நீ எழுதினது, எல்லாம். உனக்கு என் மேல் கோபம் வந்தால் வரட்டும். அவள் அழவில்லை. ஆத்துல தண்ணி எடுக்க வந்தவங்கன்னு வாத்தியார் படிச்சாரே, அது இதே சண்டைங்களா என்று ஒன்றே ஒன்று கேட்டாள். ஆமாம் என்றேன். முந்தானைக்குள்ளிருந்து கையை எடுத்து என் முன்னால் நீட்டினாள்.

கொல்லன் கண்ணுசாமி அரத்தால் ராவி எடுத்தான். சதையில் படக் கூடாதென்று நிதானமாய்த்தான் ராவினான், அப்படியும் தோல் கொஞ்சம் உரிந்தது. பட்டறை வாசலில் பாதித் தெரு கூடிவிட்டது. ராணி மோதிரத்தை ஏம்மா அறுக்கறே என்று மயிலம்மாள் கேட்டாள், அவளுக்கு வாய் சும்மா இருக்காது. சாரதாமணி நிமிர்ந்து பார்த்து, விரல் வீங்கிருச்சுங்க்கா, அவரு பாவம், எங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கோணும்னுதான் அக்கறையா அனுப்புனாரு, என் விரலுக்குத்தான் குடுப்பினை இல்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். எல்லோரும் உன்னை மெச்சினார்கள். உன் அப்பாவும் மெச்சினார், அவருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. அறுத்த இரும்பை என்ன செய்ய என்று கண்ணுசாமி கேட்டான், நீயே வைத்துக்கொள் என்றோம். உள்பக்கம் ஏதோ எழுத்து இருக்குதுங்க, ஒரு ஆணிக்குக்கூடப் பத்தாதுங்க என்று மூலையில் போட்டுவிட்டான். பாக்குவெட்டி மறுபடி அவள் இடுப்புக்குப் போயிற்று. விரல் ஆறிக்கொண்டு வருகிறது, மஞ்சள் பத்துப் போடுகிறேன், நீ அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

அப்புசாமி முதலியாரைப் பார்த்துப் பேசிவிட்டேன். நூலே வராத தேசத்தில் பையன் என்னத்தைப் படிக்கிறது, கிளம்பி வரச் சொல்லுங்க, கப்பல் சீட்டுக்கு நான் தந்தி கொடுக்கறேன் என்று சொல்லிவிட்டார். அவர் ஏற்பாட்டில் தடை ஒன்றும் இல்லை. தடை இருந்தால் அது உன் மனசில்தான். அந்தக் கறுப்புச் சட்டையைப் போட்டுக்கொள்ளாதே சாமி, ஒரு நாளைக்கு, வேடிக்கைக்குக்கூடப் போட்டுக்கொள்ளாதே. அச்சாபீஸ்காரர் வீட்டில் பெண்டு பிள்ளைகள் இருந்தால் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வா.

இன்று காலையில் கடிதம் எழுதப் போகிறேன் என்று சாரதாமணியிடம் சொன்னேன். அவனுக்கு நீ ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். அடுப்பில் சுள்ளி வைத்துக்கொண்டிருந்தவள் இன்னொரு சுள்ளியை ஒடித்து உள்ளே தள்ளினாள். அப்புறம் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். தெருவுல அவருக்காக ஒரு பொய் சொல்லிட்டேனுங்க, அதுக்கு வருத்தமில்லைங்க. நாளைக்கு எம்புள்ளை, அப்பன் கல்யாண மோதிரம் எங்கேன்னு கேட்டா இன்னொரு பொய் சொல்ல மாட்டேன்னு எழுதுங்கத்தை. அவள் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன், இதற்கு மேல் சேர்க்க என்னிடம் ஒன்றும் இல்லை.

ராசிபுரத்து முருகனும் நம் குலசாமியும் உன் கூடவே நடக்கட்டும், உன் கை காலும் புத்தியும் சுகமாய் இருக்கட்டும். குழந்தை மாசிக் கடைசியில் என்று உண்ணாமலை சொல்கிறாள், எந்தக் கப்பல் என்று தந்தி அடித்தால் போதும், கடிதம் வேண்டாம்.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்க்கும் அம்மா
நா. பூவாத்தாள்